பாடசாலைக் கட்டுரையில் எதை வைப்பது, எதை விடுவது?

கேள்வி: திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்து மகா வித்தியாலயத்தின் பழைய மாணவர் சங்கச் செயலாளர் நான். அடுத்த ஆண்டு பாடசாலைக்கு 75 வயது. அதையொட்டித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை போட்டோம். அதிபரின் ஆசிச்செய்தி, பாடசாலைக் கீதம், ஆசிரியர்கள் எல்லாருடைய பெயர், சாதாரண தரப் பரீட்சையில் 9ஏ (ஒன்பது பாடத்திலும் ஏ) எடுத்த பிள்ளைகளின் பெயரும் படமும், கட்டடத்துக்குப் பணம் தந்தவர்கள் என்று எல்லாம் சேர்த்திருந்தோம். இரண்டே நாளில் யாரோ ஒருவர் வந்து முக்கால்வாசியை வெட்டிவிட்டுப் போய்விட்டார். எங்கள் பாடசாலையைப் பற்றி எங்களைவிட அவருக்கு என்ன தெரியும்? கட்டுரையின் வரைவை இத்துடன் அனுப்புகிறேன். பாடசாலையின் லொக் புத்தகமும் (அதிபர் எழுதிவைக்கும் நாட்பதிவு) சேர்வு இடாப்பும் எங்களிடம் இருக்கின்றன. 75ஆவது ஆண்டு மலர் ஒன்றும் போட இருக்கிறோம். சரி, எதைத்தான் வைக்கலாம் என்று சொல்லுங்கள்.

பதில்: அவருக்கு உங்கள் பாடசாலையைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய, வெளியான ஒரு சான்று இருக்கிறதா என்று மட்டும் அவர் பார்த்திருப்பார். நீங்கள் எழுதியது உண்மையில் ஒரு விழா மலர். மலர் என்ற வகையில் அதில் ஒரு குறையும் இல்லை. மலரைக் கையில் எடுப்பவருக்கு உங்கள் பாடசாலையின் வேப்பமரம் வரைக்கும் தெரியும். கலைக்களஞ்சியத்தைத் திறப்பவர் தஞ்சாவூரிலோ ரொறன்ரோவிலோ இருக்கிறார். மூதூர் கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே இருக்கிறது என்பதே அவருக்குப் புதுச் செய்தி.

முதலில் கட்டுரை அங்கே நிற்குமா என்பதைப் பார்ப்போம். ஒரு பாடசாலை இருக்கிறது என்பதற்காக மட்டும் அதற்குத் தனிக்கட்டுரை கிடைத்துவிடாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் உயர்நிலைப் பாடசாலை என்றாலே கட்டுரைக்குத் தகுதி என்றொரு வழக்கம் நெடுநாள் இருந்தது. 2017இல் நடந்த பெரிய விவாதத்தோடு அது தளர்ந்துவிட்டது. பாடசாலையோடு தொடர்பில்லாத ஒருவர், ஒரு நாளிதழோ ஆய்வு நூலோ, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்க வேண்டும். வலயக் கல்வி அலுவலகத்தின் பட்டியலில் பெயர் இருப்பது போதாது. அப்படி ஒன்றும் அகப்படாவிட்டால், கிராமத்தைப் பற்றிய கட்டுரையில் ‘கல்வி’ என்று ஒரு பத்தி எழுதிச் சேர்த்துவிடுங்கள். பாடசாலைக்கு அதில் ஒரு குறைவும் இல்லை.

அடுத்தது தொடக்க ஆண்டு. சண்டை அதிகம் வருவது இங்கேதான். நான் படித்த பாடசாலையின் வாயில் வளைவில் ஓர் ஆண்டு இருக்கும், பொன்விழா மலரில் வேறோர் ஆண்டு இருக்கும். வளைவை நம்பி எழுதிப் பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பக்கம்) நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நமது பாடசாலைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு பிறந்தநாள் கிடையாது. யாரோ ஒருவரின் திண்ணையில் எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஆண்டு, ஓலைக்கொட்டில் போட்ட ஆண்டு, அரசாங்கம் பதிவு செய்து உதவிப்பணம் கொடுத்த ஆண்டு, அரசே பொறுப்பேற்ற ஆண்டு என்று நாலைந்து இருக்கும். திருகோணமலை நகரத்து ஸ்ரீ கோணேஸ்வர இந்துக் கல்லூரியையே எடுங்கள். தொடங்கியது 1897இல். இராமகிருஷ்ண மிசனின் கைக்கு வந்தது 1925இல். அப்புறம் 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தோடு உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. நல்ல கட்டுரை இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை மறைக்காது. எந்த ஆண்டில் என்ன நடந்தது என்று சான்றோடு வரிசையாகச் சொல்லும். இரண்டு சான்றுகள் முரண்பட்டால், இன்னது இப்படிச் சொல்கிறது, இன்னது அப்படிச் சொல்கிறது என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை அல்ல.

நிர்வாகத்தை எழுதும்போதும் ஆண்டைக் கவனியுங்கள். 1990களின் சான்றுகளில் ‘வடக்கு கிழக்கு மாகாணம்’ என்று இருக்கும். 2007 ஜனவரியில் அது இரண்டாகப் பிரிந்தது, அதிலிருந்து உங்கள் பக்கம் கிழக்கு மாகாணம். இன்றைய பெயரைப் பழைய சம்பவத்தின் மேல் ஒட்டிவிடக்கூடாது. ‘1ஏபி பாடசாலை’, ‘1சி பாடசாலை’ என்று நமக்குள் சொல்லிக்கொள்வதும் வெளியில் எடுபடாது. 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உண்டு, 1சி என்றால் கலை, வர்த்தகம் போன்ற பிரிவுகள் மட்டும் என்று ஒருமுறை விளக்கிவிடுங்கள். ‘அதிபர்’, ‘வித்தியாலயம்’ போன்ற நமது சொற்களைத் ‘தலைமையாசிரியர்’, ‘பள்ளி’ என்று மாற்ற வேண்டியதில்லை. யாராவது மாற்றினால் பேச்சுப் பக்கத்தில் மரியாதையாகக் காரணம் சொல்லி மீட்டுவிடலாம்.

நீங்கள் அனுப்பிய வரைவை முழுக்கப் படித்தேன். எனக்குப் பெரிய குறையாகப் பட்டது வெட்டுப்பட்ட பகுதிகள் அல்ல. மூதூர் கிழக்கில் 2006இல் போரால் ஊர் ஊராகச் சனம் இடம்பெயர்ந்ததே, அதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பாடசாலை எத்தனை மாதம் மூடிக் கிடந்தது, பிள்ளைகள் எந்த முகாமில், எந்தப் பாடசாலையின் மாலை நேரத்தில் படித்தார்கள், கட்டடம் யார் கையில் இருந்தது, எப்போது திரும்பக் கிடைத்தது? சம்பூர்ப் பக்கத்து மக்கள் தங்கள் நிலத்துக்கு மீள ஏறத்தாழ பத்து வருடங்கள் ஆயின. 2004 டிசம்பர் 26 கடற்கோளைப் பற்றியும் வரைவில் ஒன்றும் இல்லை. ஆசிச்செய்திக்கு அரைப்பக்கம் கொடுத்து இதை விட்டுவிட்டீர்கள். பாடசாலையைப் பற்றி வெளியார் எழுதியிருக்க வாய்ப்புள்ளதும் இந்தக் காலத்தைப் பற்றித்தான்: அந்நாள் வீரகேசரி, தினக்குரல் செய்திகள், மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகள், நாடாளுமன்ற ஹன்சாட் (விவாதங்களின் அச்சுப் பதிவு). எழுதும்போது கோபத்தை மட்டும் வெளியே வைத்துவிடுங்கள். திகதி, இடம், யார் சொன்னது என்பவை போதும். அதற்குமேல் ஓர் உரிச்சொல் போட்டாலும் அந்த வரியே போய்விடும்.

ஆட்களின் பெயர்களுக்கு வருவோம். தற்போதைய அதிபரின் பெயர் தகவற்பெட்டியில் (கட்டுரையின் ஓரத்தில் வரும் சிறு கட்டம்) வரலாம். முன்னாள் அதிபர்களின் வரிசை, ஆண்டுகளுக்குச் சான்று இருந்தால், வரலாம். ஆசிரியர் பட்டியல், மாணவத் தலைவர் பட்டியல், நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் மலருக்குரியவை. கட்டடத்தைப் பொறுத்தவரை எப்போது, எதற்காக எழுந்தது என்று சொன்னால் போதும்.

9ஏ எடுத்த பிள்ளைகளின் பெயரையும் படத்தையும் வெட்டியவருக்கு நான் நன்றி சொல்வேன். 16 வயதுப் பிள்ளையின் முழுப்பெயரும் முகமும் ஊரும் உலகம் முழுக்கத் தேடக்கூடிய ஓரிடத்தில், யாரும் பிரதி எடுக்கலாம் என்ற அனுமதியோடு கிடக்க வேண்டிய தேவை என்ன? வாழ்த்துவதற்குப் பாடசாலைச் சுவரில் ஒரு பதாகை போதும். மாணவர் எண்ணிக்கையை எழுதலாம். ஆனால் ‘தற்போது’ என்று எழுதாதீர்கள், எந்த ஆண்டுப் பாடசாலைக் கணக்கெடுப்பு என்று சொல்லுங்கள். ‘தற்போது’ போட்டு எழுதிய எண், எழுதியவர் ஓய்வு பெற்ற பிறகும் தற்போதாகவே நிற்கும்.

புகழ்பெற்ற பழைய மாணவர்கள் விஷயத்தில் இரண்டு கேள்விகள். அவரைப் பற்றித் தனிக்கட்டுரை இருக்கிறதா, அல்லது எழுதும் அளவுக்கு வெளிச் சான்றுகள் இருக்கின்றனவா? அவர் அங்கே படித்தார் என்பதற்குச் சான்று இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் அரசியல் தலைவராக இருந்த இரா. சம்பந்தன் யாழ்ப்பாணம், குருநாகல், திருகோணமலை, மொறட்டுவை என்று நாலு ஊர்களில் படித்தவர். அந்த நாலு பாடசாலைகளும் அவரைத் தங்கள் பட்டியலில் சேர்க்கலாம், யாருக்கும் தனியுரிமை இல்லை. ஊகம்தான் கூடாது. ஒரு கவிஞரைப் பற்றிய குறிப்பில் ‘இராமகிருஷ்ண மிசன் பாடசாலையில் படித்தார்’ என்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். மிசன் கிழக்கில் பல பாடசாலைகளை நடத்தியது. எங்களுடையதாகத்தான் இருக்கும் என்று எழுதினால் அது உங்கள் சொந்த ஆய்வு. அதற்கு அங்கே இடமில்லை. ‘பல வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் உருவாக்கிய’ என்ற வரியைப் பற்றி நான் சொல்லத்தான் வேண்டுமா? அது இல்லாத பாடசாலைக் கட்டுரையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிரச்சினைகளை எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் யாராவது கொண்டுவந்து சேர்ப்பார்கள். திருகோணமலை நகரில் 2018இல் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா உடை பற்றி ஒரு பாடசாலையில் எழுந்த விவகாரம் நாடு முழுக்கப் பேசப்பட்டு மனித உரிமைகள் ஆணைக்குழு வரை போனது. அந்த அளவுக்குப் பதிவானதை மறைக்க முடியாது. அதே வேளை நூறு வருட வரலாறு நாலு வரியிலும் அந்த ஒன்று நாற்பது வரியிலும் இருந்தால் அதுவும் நடுநிலை அல்ல. பெற்றோர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றும் குற்றச்சாட்டு, ஒரு ஆசிரியரின் பெயரோடு வந்தால், சான்று கேட்டுக் காத்திருக்காமல் உடனே எடுத்துவிடுங்கள்.

சரி, சான்றுக்கு எங்கே போவது? உங்களிடம் லொக் புத்தகமும் சேர்வு இடாப்பும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவை அலுமாரிக்குள் இருக்கும் வரைக்கும் சான்று ஆகாது, வேறு யாரும் பார்க்க முடியாதே. இங்கேதான் உங்கள் 75ஆவது ஆண்டு மலர் உதவும். லொக் புத்தகத்தின் முக்கிய பதிவுகளைத் திகதியோடு மலரில் அச்சிடுங்கள். மலரின் பிரதியை எண்ணிமப்படுத்துவதற்கு நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005இல் தொடங்கிய அந்த இணைய நூலகத்தில் இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளின் மலர்கள் நிறைய இருக்கின்றன, பழைய பத்திரிகைகளும் இருக்கின்றன. உங்கள் பாடசாலையின் பழைய மலர் ஒன்று ஏற்கெனவே அங்கே இருக்கிறதா என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். மலர் வந்த பிறகு, ஆண்டுகளுக்கும் பெயர்களுக்கும் அதை மேற்கோளாகக் காட்டலாம். ‘மாவட்டத்தின் தலைசிறந்த பாடசாலை’ என்பதற்குக் காட்ட முடியாது, உங்களைப் பற்றி நீங்களே சொன்னது அது. தனிக்கட்டுரைக்கான தகுதியையும் மலர் தராது.

மலரின் பத்திகளை அப்படியே எடுத்து ஒட்டவும் வேண்டாம். எழுதியது நீங்களே ஆனாலும் பதிப்புரிமை மீறல் என்று நீக்குவார்கள். பாடசாலைக் கீதத்துக்கும் அதே கதை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, இயற்றியவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. கீதத்தை இயற்றியவர் யார் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் சங்கச் செயலாளர் என்பது எழுதத் தடை அல்ல. ஆனால் அதை உங்கள் பயனர் பக்கத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சங்கத்தின் பெயரில் கணக்குத் திறந்து எல்லாரும் பயன்படுத்தாதீர்கள், ஒரு கணக்கு ஒரு ஆளுக்குத்தான். பெரிய மாற்றங்களைப் பேச்சுப் பக்கத்தில் முன்வைத்துவிட்டுச் செய்தால் வெட்டுவதற்கு வருபவரே சிலவேளை உதவிக்கும் வருவார்.

வெட்டுப்பட்ட பகுதியைப் பற்றிக் கவலை வேண்டாம். பதிப்புரிமைக் காரணத்தால் மறைக்கப்படாத வரைக்கும் நீங்கள் போட்ட ஒவ்வொரு எழுத்தும் பக்கத்தின் மேலே உள்ள ‘வரலாறு’ என்பதற்குள் இருக்கிறது. பிள்ளைகளின் பட்டியல் மட்டும் அங்கிருந்தும் போக வேண்டும் என்று ஒரு விக்கிப்பீடியா நிர்வாகியிடம் கேளுங்கள். மிச்சத்தைப் பிரதி எடுத்து மலர்க் குழுவிடம் கொடுத்துவிடுங்கள்.