பிரஷருக்கு ஏற்ற சாப்பாடு, கையைக் கடிக்காத செலவில்

கேள்வி: நாகர்கோவிலில் கூலி வேலை பார்க்கும் நான்கு பேர் குடும்பம். அம்மாவுக்கு பிரஷர் 150/95. அதிகச் செலவில்லாமல் சாப்பாட்டை எப்படி மாற்றுவது?

முதலில் உப்புப் பாக்கெட்டில் பிரித்த தேதியை எழுதி வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஒரே மாதத்தில் காலியானால் விஷயம் புரிந்துவிடும். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தில் இருக்கும் உப்பு இந்தப் பாக்கெட் கணக்கில் வராது, அதையும் சேர்த்துத்தான் 5 கிராம்.

நம்மூரில் மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) உப்புப் போட்டு அவித்து, உப்புப் போட்ட மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறோம். கிழங்கை உப்பில்லாமல் அவியுங்கள். குழம்பின் புளியும் காரமும் போதும். கருவாட்டை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை ஊறவையுங்கள். குழம்பில் தனியாக உப்பு வேண்டாம். அப்படியும் உப்பு முழுக்கப் போகாது, அதனால் எப்போதாவது மட்டும். சாளை மலிவாக வரும் நாளில் பச்சை மீனே நல்லது, பொரிக்காமல்.

கடையில் விற்கும் பொட்டாசியம் கலந்த உப்பை டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிட்டாலோ ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தாக ஏறலாம்.

ஒரே அளவீட்டை நம்ப வேண்டாம். டீ குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்து, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்தபின் வேறொரு நாளும் பாருங்கள். மாத்திரை எழுதிக்கொடுத்தால், பிரஷர் இறங்கியதும் நிறுத்திவிடாதீர்கள், இறங்கியதே மாத்திரையால்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள்.