குழந்தைகளோடு லாப்லாந்துக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பின்லாந்தின் வட பகுதியான லாப்லாந்தில், ரொவானியெமி என்ற ஊரில் நான் கழித்த குளிர்காலங்களைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: குடும்பத்தோடு ஒரு நாள் பனிச் சுற்றுலா போனால் எப்படி இருக்கும்? இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. அதில் நான்கு குளிர்காலம் ஒரு சுற்றுலா நிறுவனத்தில், வருகிறவர்களுக்குக் குளிர் உடை மாட்டி வண்டியில் ஏற்றிவிடும் வேலை பார்த்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, பிப்ரவரியில் வருகிறோம். ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. காலையில் இரண்டு மணி நேரம் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி), மதியம் ஹஸ்கி நாய் வண்டி, சாயந்திரம் ரெயின்டீர் மான் இழுக்கும் சறுக்குவண்டி, நடுவில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் சாண்டா கிராமம் என்று ஒரு பேக்கேஜ் பார்த்து வைத்திருக்கிறோம். பெரியவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 4. மாமியாருக்கு 67, முட்டி வலி உண்டு. சரிப்படுமா? (கோவையிலிருந்து ஒரு வாசகி)

நான்கில் ஒன்றையாவது விட்டுவிடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் உடை மாட்டவும் கழற்றவும் அரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். எல்லாம் மாட்டி, ஜிப் இழுத்து, ஹெல்மெட்டும் போட்ட பிறகு சின்னவன் "அம்மா, ஒண்ணுக்கு" என்பான். மறுபடி முதலிலிருந்து கழற்ற வேண்டும். அதனால் உடை போடும் முன் இரண்டு பேரையும் கட்டாயம் கழிவறைக்கு அனுப்பிவிடுங்கள், வரவில்லை என்று சொன்னாலும்.

பலரும் யோசிக்காத ஒன்றைச் சொல்கிறேன். ஸ்னோமொபைல் என்றதும் அப்பாவுக்குப் பின்னால் குழந்தை கட்டிப்பிடித்துக்கொண்டு போவதைப் போல மனதில் ஒரு படம் இருக்கும். இங்கே அப்படி விடுவதில்லை. ஏறக்குறைய 140 சென்டிமீட்டர் உயரம் வராத பிள்ளைகளை, வழிகாட்டி ஓட்டும் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சறுக்குவண்டியில்தான் உட்கார வைப்பார்கள். உங்கள் பிள்ளைகள் இருவருக்குமே அந்த இடம்தான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். ஓட்டுகிற உங்களுக்குக் கைப்பிடியே சூடாக இருக்கும், முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி, உடம்பும் வளைந்து நெளிந்து வேலை செய்துகொண்டே இருக்கும். பின்னால் இருக்கிற குழந்தை அசையாமல் உட்கார்ந்திருக்கும். முன்வண்டி கிளப்பும் பனித்தூள் அதன் முகத்தில்தான் விழும். மைனஸ் 15 டிகிரியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 27 போல உறைக்கும். அந்த ஊர்வலத்திலேயே அதிகம் குளிர்வது, இருப்பதிலேயே சின்ன உடம்புக்குத்தான்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. என் மகனுக்கு அப்போது ஐந்து வயது. வேலைக்குச் சேர்வதற்கு முந்திய குளிர்காலம் அது. மைனஸ் 18 இருக்கும். உறைந்து கிடந்த ஆற்றின் மேல் நான் மூன்றாவது வண்டியில் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனேன், அவன் வழிகாட்டியின் சறுக்குவண்டியில் தனியாக. முதல் நிறுத்தத்தில் போர்வையை விலக்கியபோது அவன் அழவில்லை, பேசவும் இல்லை. கண் இமையெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. கன்னத்து எலும்பின் மேல் நாலணா அளவுக்கு ஒரு திட்டு, உருகி உறைந்த மெழுகு மாதிரி. பதறிப்போய் அதைத் தேய்க்கக் கையைக் கொண்டுபோனேன். வழிகாட்டிப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். தன் கையுறையைக் கழற்றி, வெறும் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து அழுத்தாமல் அப்படியே நின்றார். சில நிமிடத்தில் இளஞ்சிவப்பு திரும்பியது. அப்புறம்தான் அவன் வாயைத் திறந்தான்: "நான் கூப்பிட்டேன்மா. உனக்குக் கேக்கல." ஹெல்மெட், இஞ்சின் சத்தம். எப்படிக் கேட்டிருக்கும்?

அதனால் நீங்களோ உங்கள் கணவரோ ஒருவர் பிள்ளைகளோடு அந்தச் சறுக்குவண்டியில் உட்காருங்கள். ஓட்டுவது ஒருவர் போதும். இரண்டு மணி நேரம் வேண்டாம், ஒரு மணி நேரப் பயணத்தை எடுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லி, இரண்டு முகத்தையும் உற்றுப் பாருங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் உள்ளங்கைச் சூடு கொடுங்கள், தேய்க்காதீர்கள், பனியை வைத்துத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். நான்கு வயதுப் பிள்ளையை ஏற்றிக்கொள்ளாத நிறுவனங்களும் உண்டு, முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். மின்சார ஸ்னோமொபைல்களும் இப்போது ரொவானியெமியில் ஓடுகின்றன. பின்னால் உட்காருகிறவர்களுக்குப் புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை. கிடைத்தால் அதையே எடுங்கள்.

மாமியாரை ஸ்னோமொபைலில் ஏற்றாதீர்கள், பனிமேட்டில் தூக்கித் தூக்கிப் போடும். ரெயின்டீர் வண்டி அவருக்குப் பொருந்தும். தரையை ஒட்டிய பலகை, மேலே மான்தோல், காலை நீட்டிச் சாய்ந்துகொள்ளலாம், போர்வை தருவார்கள். இறங்கி எழும்போது மட்டும் இரண்டு பேர் கை கொடுங்கள். நீங்கள் ஸ்னோமொபைலில் போகிற நேரம் அவர் கோட்டாவில் இருக்கட்டும். நடுவில் நெருப்பு எரிகிற கூம்புக் குடில் அது. உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம்.

ஹஸ்கி வண்டியைத்தான் விடச் சொல்கிறேன், மனசில்லாமல். பூட்டியதும் அந்த நாய்கள் போடும் கூச்சலில் காது அடைக்கும். கயிற்றை அவிழ்த்த நொடியில் அத்தனையும் வாயை மூடிக்கொண்டு ஓடும், பனியில் பலகை உராயும் ஒலி மட்டும் கேட்கும். இன்னொரு நாள் கிடைத்தால் கண்டிப்பாகப் போங்கள். சாண்டா கிராமம் ஊரிலிருந்து 8 கிலோமீட்டர்தான், வட துருவ வட்டக் கோட்டின் மேலேயே இருக்கிறது. அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வருடமாக பைக் ஓட்டுகிறேன். ஸ்னோமொபைல் எனக்கு எளிதுதானே? லைசென்ஸ் வேண்டுமா? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

லைசென்ஸ் வேண்டும். பின்லாந்தில் 15 வயது நிரம்பி, ஓட்டுநர் உரிமம் இருந்தால்தான் ஓட்டலாம். ஹெல்மெட் கட்டாயம். சுற்றுலா நிறுவனங்கள் பொதுவாகக் கேட்பது கார் லைசென்ஸ். உங்களிடம் பைக் லைசென்ஸ் மட்டும் இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கும் படத்தை நம்பி வராமல் அட்டையையே கையோடு கொண்டுவாருங்கள். வண்டிக்குச் சேதம் வந்தால் ஒரு வரம்பு வரை ஓட்டியவர்தான் கட்ட வேண்டும், அது நூற்றுக்கணக்கான யூரோ ஆகலாம். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள். உங்கள் பயணக் காப்பீட்டில் ஸ்னோமொபைல் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எளிதா என்றால், பைக் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு பழக்கம் குறுக்கே வரும். முதலாவது, முறுக்குகிற ஆக்சிலரேட்டர் இதில் கிடையாது. வலது கட்டைவிரலால் ஒரு சின்ன நெம்புகோலை அழுத்த வேண்டும். பயந்துபோய்க் கைப்பிடியை இறுக்கினால் கட்டைவிரலும் சேர்ந்து அழுத்தும், வண்டி சீறும். பயம் வந்தால் முதலில் கட்டைவிரலை எடுங்கள். இரண்டாவது, வண்டி சாய்ந்தால் பைக்கில் காலை ஊன்றுவோம். இங்கே ஊன்றினால் இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கும் பனிக்கும் நடுவில் கால் மாட்டிக்கொள்ளும். கால்கள், கால் வைக்கும் பலகையை விட்டு வெளியே வரவே கூடாது. திருப்பத்தில் உடம்பைத்தான் சாய்க்க வேண்டும்.

ஒரு கயிறு தருவார்கள், ஒரு முனை வண்டியில், மறுமுனை உங்கள் உடையில். நீங்கள் விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு இஞ்சின் நின்றுவிடும். மாட்டாமல் கிளம்பாதீர்கள். வேக வரம்பு நிலத்தில் 60 கிலோமீட்டர், உறைந்த நீர்நிலை மேல் 80. புதிதாக வருகிறவர்களுக்கு அதில் பாதியே தாராளம். குடித்துவிட்டு ஓட்டினால் காருக்கு உள்ள அதே சட்டம்தான்.

கேள்வி: என்னென்ன துணி எடுத்துவர வேண்டும்? தடித்த ஜீன்ஸ் போதுமா? (சென்னையிலிருந்து ஒரு வாசகி)

ஜீன்ஸைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், அந்த ஈரம்தான் குளிரைக் கொண்டுவரும். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன் மேல் ஒரு ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழை மேலாடை). வெளி உடை, பூட்ஸ், கையுறை, ஹெல்மெட் எல்லாம் பெரும்பாலும் நிறுவனமே தரும். பூட்ஸை ஒரு அளவு பெரிதாகக் கேளுங்கள். குளிருகிறது என்று மூன்று சாக்ஸ் திணிப்பவர்களுக்குத்தான் முதலில் கால் மரத்துப்போகும், விரல் அசைய இடம் இருந்தால்தான் சூடு நிற்கும். பிள்ளைகளுக்கு ஐந்து விரல் கையுறை வேண்டாம், நான்கு விரலும் ஒன்றாக இருக்கிற மிட்டன் கேளுங்கள்.

தோடு, மூக்குத்தி, கொலுசு எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். உலோகம் குளிர்ந்து தோலைக் கடிக்கும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராது, அது உள்ளாடைக்கு உள்ளே உடம்புச் சூட்டில் இருந்தால் ஒன்றும் ஆகாது. போனையும் உள் பையில் வையுங்கள், குளிரில் சார்ஜ் மளமளவென்று இறங்கிவிடும்.

கேள்வி: நாங்கள் சைவம். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள், ஏற்பாடு செய்வார்கள். எழுதாமல் வந்தால் சால்மன் மீன் சூப்போ, ரெயின்டீர் கறியோ, நெருப்பில் வாட்டிய தொத்திறைச்சியோதான் முன்னால் வரும். சூடான பெர்ரிப் பழச்சாறு எங்கும் கிடைக்கும், பிள்ளைகள் இரண்டாவது கோப்பை கேட்பார்கள்.

கேள்வி: மானை வண்டியில் பூட்டி இழுக்க வைப்பது கொடுமை இல்லையா? (பத்தாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்)

கேட்க வேண்டிய கேள்விதான் கண்ணு. இவை காட்டிலிருந்து பிடித்து வந்த மான்கள் இல்லை. நம் ஊரில் மாடு மாதிரி, இங்கே தலைமுறை தலைமுறையாக மனிதரோடு வாழ்கிறவை. பின்லாந்தில் சுமார் இரண்டு லட்சம் ரெயின்டீர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. காதில் வெட்டியிருக்கும் அடையாளத்தை வைத்து யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். கோடையில் காட்டில் இஷ்டத்துக்குத் திரியும். அதன் ரோமம் ஒவ்வொன்றுக்குள்ளும் காற்று அடைபட்டிருப்பதால் மைனஸ் 30 கூட அதற்குப் பெரிதில்லை, வெயில்தான் ஆகாது.

வண்டி இழுக்கப் பழக்குவதற்கே சில வருடம் ஆகும். பக்கத்தில் நடக்கும்போது காது கொடுத்துக் கேள்: ஒவ்வொரு அடிக்கும் "டிக், டிக்" என்று வரும். குளம்பின் சத்தம் இல்லை அது, பாதத்துக்குள் ஒரு தசைநார் எலும்பின் மேல் நழுவுகிற ஒலி. ஓடிக்கொண்டே சிறுநீர் கழிக்க அதனால் முடியாது, நின்றாக வேண்டும். அப்படி ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலான தூரத்தை, சுமார் ஏழரை கிலோமீட்டர், பழைய பின்லாந்துக்காரர்கள் ஓர் அளவாகவே வைத்திருந்தார்கள். "பொரோன்குசெமா" என்று பெயர்.

எல்லாப் பண்ணையும் ஒரே மாதிரி என்று சொல்லமாட்டேன். சவாரிக்கு நடுவே மான்களை மாற்றுகிறார்களா, அவற்றுக்குத் தீனியும் ஓய்வும் கிடைக்கிறதா என்று பார். கொம்பைத் தொடாதே, அதற்குப் பிடிக்காது. அப்புறம், உங்களிடம் எத்தனை மான் இருக்கிறது என்று சொந்தக்காரரிடம் கேட்டுவிடாதே. வங்கியில் எவ்வளவு பணம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பது மாதிரி அது.

கேள்வி: டிசம்பரா, மார்ச்சா? (மதுரையிலிருந்து ஒரு வாசகி)

பிள்ளைகள் இருந்தால் மார்ச். டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் தலைகாட்டுவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். மார்ச் கடைசி வாரத்தில் பகல் பன்னிரண்டு மணி நேரம் தாண்டிவிடும், பனியும் ஆழமாகவே கிடக்கும். ஆனால் அந்த டிசம்பர் நண்பகலின் நீல வெளிச்சத்துக்காகவே வருகிறவர்களும் உண்டு. பிள்ளைகள் பெரியவர்களான பிறகு ஒருமுறை அதற்காகவும் வாருங்கள்.