ஆப்பிள்-1 நகல் செய்ய இன்றைக்கும் பழைய சிப்கள் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் எது அரிது என்பதில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். 1976-இல் ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்த ஆப்பிள்-1 (ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கணினி) மொத்தமே சுமார் 200தான் செய்யப்பட்டது, அதனால் அசல் மின்சுற்றுப் பலகையை மறந்துவிடுங்கள். நகல் பலகை வாங்கிக்கொள்ளலாம். கணினியின் மூளையான 6502 செயலிதான் பெரிய தலைவலி என்று நினைப்பீர்கள், அது இல்லை. வெள்ளை பீங்கான் உறை போட்ட ஆரம்பகால 6502-க்குத்தான் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள், ஓட வைப்பதற்கு பிளாஸ்டிக் உறை 6502 போதும்.

உண்மையில் படுத்துவது திரைப் பகுதி. திரையில் தெரியும் எழுத்துகளை வாஸ்னியாக் ராம் நினைவகத்தில் வைக்கவில்லை, சிக்னெட்டிக்ஸ் 2504, 2519 என்ற ஷிப்ட் ரிஜிஸ்டர்களுக்குள் (தரவை வரிசையாக நகர்த்திக்கொண்டே வைத்திருக்கும் சிப்கள்) சுற்றிக்கொண்டே இருக்கும்படி விட்டுவிட்டார். அன்றைக்கு அது மலிவான வழி. பிற்பாடு ராம் விலை இறங்கியதும் இந்த வகை சிப்களைத் தேடுவாரில்லை, அதனால் இப்போது அவற்றைத்தான் வலைபோட்டுத் தேட வேண்டியிருக்கிறது.

சரி, வாங்கும்போது சிப்பின் முதுகில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 7632 என்றால் 1976-இன் 32-வது வாரம். அப்புறம் பஞ்சில் கொஞ்சம் அசிட்டோன் தொட்டுத் துடையுங்கள், கறுப்புப் பூச்சு கையோடு வந்தால் சுரண்டி மறு அச்சு போட்ட சரக்கு. எனக்கு முதல் முறை வந்த நாலில் இரண்டு அப்படித்தான். எல்லாவற்றையும் சாக்கெட்டிலேயே (சிப்பைக் கழற்றி மாட்டக்கூடிய தாங்கி) பொருத்துங்கள், நேராகப் பலகையில் பற்றவைக்காதீர்கள்.