பூட் வரிசை மறுநாளே பழையபடி மாறுகிறதா?

பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை), எதிலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்ற பூட் வரிசையில் பென்டிரைவை முதலிடத்தில் வைத்து எஃப்10 அழுத்திச் சேமித்தும், மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால் மறுநாள் ஹார்டு டிஸ்க்கே முதலில் வருகிறது என்கிறீர்கள். மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 பேட்டரியை மாற்றுங்கள். ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக இருக்கும், 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டால் பல போர்டுகள் ஆரம்ப அமைப்புக்கே திரும்பிவிடும்.

வாங்குவதற்கு முன் பயாஸில் தேதியைப் பாருங்கள். கடிகாரமும் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் பேட்டரிதான். தேதி சரியாக இருந்தால் பணத்தை வீணாக்காதீர்கள். பென்டிரைவைக் கழற்றியதுமே அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும் பயாஸ்களும் உண்டு.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பேட்டரியைத் தொட வேண்டும். அதற்கு முன் பயாஸில் சாட்டா பயன்முறை (ஹார்டு டிஸ்க் இணைப்பு வேலை செய்யும் முறை) என்னவென்று கைபேசியில் படமெடுத்து வையுங்கள். அது மாறிப்போனால் விண்டோஸ் ஏறாமலே போகலாம்.