கடைசிக் கொமுட்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்

வாசகர் கேள்வி - பதில்

இம்முறை உலு சிலாங்கூர் தோட்டப்புறங்களிலிருந்து வந்த பயணக் கேள்விகள்.

கேள்வி: அம்மாவுக்குக் கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் காலை ஒன்பது மணிக்கு நியமனம். வீட்டில் கார் இல்லை. ரயிலிலேயே போய்விட முடியுமா? கே.எல். சென்ட்ரலில் இறங்கி எதில் ஏறுவது?
- வாசகி, பத்தாங்காலி

பதில்: முடியும் அம்மா. ஆனால் கே.எல். சென்ட்ரல் வரை போக வேண்டியதில்லை. நம் பக்கத்துக் கொமுட்டர் (புறநகர் ரயில்) தஞ்சோங் மாலிமில் கிளம்பி கிள்ளான் துறைமுகம் போகிறது. அதில் ஏறி, புத்ராவுக்கு அடுத்த நிலையமான பேங்க் நெகாராவில் இறங்குங்கள். சற்று நடந்தால் பண்டாராயா எல்.ஆர்.டி. அங்கே செந்தூல் தீமூர் பக்கம் போகும் வண்டியில் ஏறி, மூன்றாவது நிறுத்தமான தித்திவங்சாவில் இறங்கி, புத்ராஜெயா தடத்து எம்.ஆர்.டி.க்கு மாறுங்கள். அடுத்த நிறுத்தத்தின் பெயரே ஹோஸ்பிடல் கோலாலம்பூர். 2023 மார்ச்சில் திறந்த நிலையம் அது.

அம்மாவுக்கு முட்டி வலி என்றால் வேறு வழி சொல்வேன். கே.எல். சென்ட்ரல் வரை போய், நடைபாதை வழியாக மியூசியம் நெகாரா எம்.ஆர்.டி.க்கு வந்து, காஜாங் பக்கம் போகும் வண்டியில் துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் வரை போங்கள். அங்கே புத்ராஜெயா தடத்துக்கு மாறுங்கள். குவாசா டாமான்சாரா போகும் வண்டிதானா என்று பார்த்து ஏறி, ஹோஸ்பிடல் கோலாலம்பூரில் இறங்குங்கள். சுற்றுதான், ஆனால் எம்.ஆர்.டி. நிலையம் எல்லாவற்றிலும் மின்தூக்கி உண்டு. சென்ட்ரலிலிருந்து மியூசியம் நெகாராவுக்கு நடக்கவே முடியாது என்றால், சென்ட்ரலிலேயே கிராப் வாடகைக் கார் பிடித்துவிடுங்கள். அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மருத்துவமனை வளாகம் ஓர் ஊர் அளவு பெரியது. நியமன அட்டையில் எந்தக் கட்டடம், எந்தக் கிளினிக் என்று முதல் நாளே பார்த்து வைக்காவிட்டால், ரயிலில் மிச்சம் பிடித்த நேரம் வெயிலில் போய்விடும்.

இன்னொன்று. ரவாங்குக்கு வடக்கே வண்டிகள் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க நேரலாம். வேலை நாளுக்கு ஓர் அட்டவணை, வார இறுதிக்கு வேறு அட்டவணை. ஒன்பது மணி நியமனத்துக்குக் கணக்குப் பார்த்து வைத்த வண்டிக்கு முந்தைய வண்டியில் போங்கள். விடியற்காலையில் தோட்டத்திலிருந்து நிலையம் வர கிராப் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். நம் ஊரில் அந்த நேரத்தில் ஓட்டுநர்கள் கொஞ்சம் பேர்தான். தெரிந்த டாக்சிக்காரரிடம் முதல் நாள் மாலையே சொல்லி வையுங்கள்.

கேள்வி: கே.எல். சென்ட்ரலில் வடக்கே போகும் வண்டி என்றுதான் ஏறினேன். அது பத்துமலைக்குப் போய்விட்டது. ஏன்?
- வாசகர், ராசா

பதில்: உங்களைப் போல ஏமாந்தவர்கள் நிறைய. கே.எல். சென்ட்ரலிலிருந்து புத்ரா வரை இரண்டு தடங்களும் ஒரே பாதையில் ஓடுகின்றன. புத்ரா தாண்டியதும் ஒன்று செந்தூல் வழியாகப் பத்துமலைக்கும், மற்றது செகாம்புட், கெப்போங், ரவாங் வழியாக நமக்கும் பிரிகிறது. மேடையை நம்பாமல் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். தவறிப் பத்துமலை வண்டியில் ஏறிவிட்டால் பதற வேண்டாம், புத்ராவில் இறங்கி நம் வண்டிக்குக் காத்திருந்தால் போதும். தைப்பூசத்துக்குப் போகும்போதும் இதே கணக்குதான். புத்ராவில் மாறுங்கள், சென்ட்ரல் வரை போய்த் திரும்புவது வீண். பத்துமலையிலேயே திரும்பும் கட்டணத்துக்கு அட்டையில் பணம் ஏற்றலாம் என்று இருக்காதீர்கள், அன்று கௌண்டர் வரிசையைப் பார்த்தால் 272 படி ஏறியதே மேல் என்று தோன்றும்.

கேள்வி: கைப்பேசியில் டச் என் கோ கட்டணச் செயலியில் 80 வெள்ளி இருக்கிறது. டச் என் கோ அட்டையைத் தட்டினால் ரயில் நிலையக் கேட் திறக்கவில்லை. அட்டை கெட்டுவிட்டதா?
- மாணவி, கோல குபு பாரு

பதில்: அட்டை நன்றாகத்தான் இருக்கும், தங்கச்சி. கைப்பேசியில் இருக்கும் பணம் வேறு, அட்டைக்குள் இருக்கும் பணம் வேறு. டோல் சாவடியில் கைப்பேசிப் பணம் தானாகக் கழிவதால் ரயிலிலும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ரயில் கேட் அட்டைக்குள் இருப்பதை மட்டும்தான் பார்க்கும். என்.எஃப்.சி. வசதியுள்ள புதிய அட்டை என்றால், அந்த வசதியுள்ள கைப்பேசியின் பின்னால் அட்டையை ஒட்டி வைத்து, செயலி வழியாகப் பணத்தை அட்டைக்கு மாற்றலாம். முடியும்வரை அட்டையை நகர்த்தாதீர்கள். பழைய அட்டைக்குக் கௌண்டர்தான் கதி. சில கடைகளில் ஏற்றுவதற்கு 50 காசு தனியாக எடுப்பார்கள்.

ரேப்பிட் கே.எல். பஸ்ஸில் ரொக்கம் வாங்கமாட்டார்கள், அட்டையில் காசில்லை என்றால் ஏற முடியாது. மாதம் 50 வெள்ளி மை50 பாஸ் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். அது எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேப்பிட் பஸ்ஸுக்கு மட்டும். கொமுட்டரில் செல்லாது. தினமும் கே.எல். போய், அங்கே இன்னொரு ரயில் மாறுகிறாய் என்றால்தான் லாபம்.

கேள்வி: மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். முதல் முறையாகப் போய்ப் பார்க்க வேண்டும். எங்கெங்கே இறங்கி ஏறுவது?
- வாசகர், பத்தாங்காலி

பதில்: கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பூலாவ் செபாங் போகும் கொமுட்டருக்கு மாறி, பண்டார் தாசிக் செலாத்தானில் இறங்குங்கள். இங்கேயும் அதே வம்பு: கிள்ளான் துறைமுக வண்டியில் ஏறிவிடாதீர்கள். நிலையத்திலிருந்து பாலம் வழியாக டி.பி.எஸ். பஸ் முனையம். டிக்கெட் வாங்க மைகாட் (அடையாள அட்டை) அல்லது பாஸ்போர்ட் வேண்டும். எந்த வாசல் என்பது பலகையில் வரும். புறப்படும் நேரத்துக்கு அரை மணி முன்பே கீழே இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருங்கள்.

ஜொகூர் பாரு பஸ் லார்க்கினில் நிற்கும். லார்க்கின் எல்லையில் இல்லை, அங்கிருந்து இன்னொரு பஸ். சி.டபிள்யூ.2, 170 இரண்டும் சோதனைச் சாவடி தாண்டி சிங்கப்பூர் போகும். மலேசியச் சாவடியில் மூட்டை முடிச்சு எல்லாவற்றோடும் இறங்கவேண்டும். பஸ் உங்களுக்காக நிற்காது. முத்திரை முடிந்ததும் அதே எண்ணுள்ள அடுத்த பஸ்ஸில் ஏறி, சிங்கப்பூர்ச் சாவடியில் மறுபடி இறங்கவேண்டும். அட்டையில் கட்டாமல் டிக்கெட் வாங்கியிருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கூட்டத்தில் நிற்க முடியாதவர்களுக்கு ஜொகூர் பாருவின் ஜே.பி. சென்ட்ரலிலிருந்து ஷட்டில் தெப்ராவ் ரயில் நல்லது. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் போக 5 வெள்ளி, ஐந்தே நிமிடம். திரும்பி வர 5 சிங்கப்பூர் வெள்ளி, மூன்று மடங்குக்கு மேல் என்பது பலருக்கு அதிர்ச்சி. வார இறுதி டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம். இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

கேள்வி: திருச்சிக்குப் போக அதிகாலை விமானம். முதல் கொமுட்டரில் போனால் பிடித்துவிடலாமா?
- வாசகர், ராசா

பதில்: வேண்டாம். கே.எல். சென்ட்ரலிலிருந்து விமான நிலைய ரயிலுக்கு இரண்டாம் முனையம் வரை 33 நிமிடம் போதும், கட்டணம் 55 வெள்ளி. பஸ் அதைவிட மலிவு. ஆனால் ராசாவிலிருந்து சென்ட்ரல் வருவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். முதல் நாள் இரவே போய்விடுங்கள். அப்போதும் ராசாவில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.