கணவர் இறந்தபின் சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு துக்கத்தை எப்படித் தாங்குவது?

ஆறு மாதத்துக்கு முன் கணவரை இழந்திருக்கிறீர்கள். பிள்ளைகள் முன்னால் அழாதே என்று எல்லோரும் சொல்கிறார்களே, சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை தங்கச்சி. நான் ஒன்றரை வருடம் அப்படித்தான் இருந்தேன்.

எங்களுடையது இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய் ஐந்து வருடம். அப்போது மகள் ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சின்னவனுக்கு நாலு வயது. பதினாறாம் நாள் கருமாதி வரை லயமே, அதுதான் தோட்டத்து வரிசை வீட்டுச் சனமே, எங்கள் வீட்டில்தான் இருந்தது. மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனேன். போகாவிட்டால் பேர் விழாதே, அன்றைய கூலி இல்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்றில் எங்கே போய் அழுவது? இருமினாலே பக்கத்து வீட்டில் கேட்கும். பனி இறங்கிய நேரம் பார்த்து மலையில் அழுவேன், அடுத்த நிரையில் நிற்பவளுக்குக்கூட முகம் தெரியாது. கை தன்பாட்டில் கொழுந்து எடுக்கும். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகும்முன் முகத்தைக் கழுவிவிடுவேன். வீட்டில் கல்லு மாதிரி இருந்தேன். தைரியசாலி என்று மாமியார் எல்லோரிடமும் சொன்னார்.

பிள்ளைகளும் கல்லாகிவிட்டார்கள். மகள் 'அப்பா' என்ற சொல்லையே விட்டுவிட்டாள். சின்னவன் மறுபடி படுக்கையை நனைக்கத் தொடங்கினான். ஆணியில் தொங்கிய அவருடைய சுவெட்டரைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவான். அழுக்காகிவிட்டதே என்று ஒருநாள் துவைத்துப்போட்டேன். மழை நாள், மூன்று நாள் காயவில்லை. எடுத்து முகர்ந்து பார்த்தவன், "அப்பா போயிட்டாரு" என்றான். கருமாதியன்று அழாத பிள்ளை அன்றுதான் அழுதான். அப்போதும் நான் அழவில்லை.

முதல் மாசியில் துக்க வீடென்று, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்குப் போகவில்லை. அடுத்த வருடம் போனோம். சிவன் காமனை எரித்ததும் ரதி புலம்புவாள் அல்லவா, அந்த வேஷம் கட்டியவன் எங்கள் மேல் லயத்துப் பையன்தான். தினமும் பார்க்கிற முகம். ஆனால் தப்பு மேளச் சத்தம் நின்று அவன் புலம்பலை எடுத்ததும் என்னால் முடியவில்லை. அத்தனை சனத்துக்கு நடுவே வாய்விட்டு அழுதேன். மகள் பயந்துவிடுவாளோ என்று திரும்பினால், "அம்மா, உனக்கும் அப்பா ஞாபகம் வருமா?" என்கிறாள். நான் அவரை மறந்துவிட்டேன் என்றே அவ்வளவு நாளும் நினைத்திருக்கிறாள்.

அதனால் அழுங்கள். ஏன் அழுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மூன்றாம் நாள் காமனை எழுப்புகிற மாதிரி அப்பாவையும் எழுப்புவார்களா என்று சின்னவன் கேட்டான். இல்லை, செத்தவர் வரமாட்டார் என்றேன். முன்பு "சாமிகிட்ட தூங்குறாரு" என்று சொல்லிவைத்திருந்தேன், அது பெரிய பிழை. தூங்கவே பயந்தான் பிள்ளை. உங்களிடமும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதுதான்.

காகித வேலையையும் தள்ளிப்போடாதீர்கள். மரணச் சான்றிதழில் நாலைந்து பிரதி எடுத்துவையுங்கள். அவர் வேலைக்காகச் சேர்ந்த சேமலாப நிதி (EPF), நம்பிக்கை நிதி (ETF) இரண்டும் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர வேண்டிய காசு. எங்களுக்குக் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவில்லை. போதாததற்குத் தோட்டத்துப் பதிவில் அவர் பேர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. அலைந்த கதை தனி. (கல்யாணத்தைப் பதியாதவர்கள் யாராவது இதை வாசித்தால் இந்தக் கிழமையே போய்ப் பதியுங்கள்.)

நாள்கணக்கில் தூக்கமில்லை, பிள்ளைகளைப் பார்த்தாலும் வாழத் தோன்றவில்லை என்றால் தாமதிக்க வேண்டாம். 1926 என்பது இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம், தமிழிலும் பேசலாம்.

சுவெட்டர் இன்னும் இருக்கிறது. சின்னவனுக்கு ஒன்பது வயது, கையை இரண்டு மடிப்பு மடித்துப் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போகிறான். துவைக்கும்போது மட்டும் என்னிடம் தருவதில்லை, அவனேதான் துவைப்பான்.