கல்லுக்கு எடுத்த பித்தப்பையில் புற்றுநோய்: மறு ஆபரேஷன் தேவையா?

அம்மாவுக்குக் கல் என்று லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழி ஆபரேஷனில்) பித்தப்பையை எடுத்து, பயாப்சியில் 'அடினோகார்சினோமா, டி2' (சுரப்பித் திசுவில் வரும் புற்றுநோய்; டி எண் அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது) என வந்திருக்கிறது. 'அதான் எடுத்தாச்சே' என்கிறார் சர்ஜன், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். டி1ஏ (நோய் உள்சவ்வைத் தாண்டாத நிலை) என்றால், வெட்டு விளிம்பும் சுத்தமாக இருந்தால், அது சரி. டி2-க்குப் பொருந்தாது.

காரணம் எளிது. டி2 என்றால் தசை அடுக்கைத் தாண்டி அடுத்த இணைப்புத் திசுவுக்குள் நோய் போய்விட்டது. சாதாரண ஆபரேஷனில் பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து உரிப்பதே அந்த அடுக்கின் வழியாகத்தான். நோயின் மிச்சம் கல்லீரல் பக்கம் ஒட்டியிருக்கலாம்.

அறிக்கையில் மூன்று விஷயம் பாருங்கள்: கட்டி கல்லீரல் பக்கமா, வயிற்றறைப் பக்கமா, சிஸ்டிக் டக்ட் (பித்தப்பையிலிருந்து வரும் குழாய்) விளிம்பில் நோய் உண்டா, நிணநீர்க் கணு ஏதாவது வந்ததா. எடுக்கும்போது பை கிழிந்து பித்தநீர் சிந்தியதா என்று ஆபரேஷன் குறிப்பில் இருக்கும். சிந்தியிருந்தால் வயிற்றறைக்குள் பரவும் அபாயம் கூடும்.

பயாப்சிக்கு எடுத்த திசுவின் மெழுகு பிளாக், கண்ணாடி ஸ்லைடு இரண்டையும் கேட்டு வாங்கி, கல்லீரல்-பித்தநாள சர்ஜன் இருக்கும் புற்றுநோய் மையத்தில் மறுவாசிப்புக்குக் கொடுங்கள். (அறிக்கைப் பேப்பர் மட்டும் போதாது.) மார்பு, வயிறு, இடுப்புக்குக் கான்ட்ராஸ்ட் சிடி எடுப்பார்கள். பரவல் இல்லையென்றால் கல்லீரலின் 4பி, 5 பகுதிகளில் பித்தப்பை ஒட்டியிருந்த இடத்தைச் சேர்ந்த துண்டையும், குறைந்தது 6 கணுக்களையும் எடுப்பது வழக்கம். முதல் ஆபரேஷனிலிருந்து 4 முதல் 8 வாரத்துக்குள் நடந்தால் நல்லது. துளை போட்ட இடங்களை வெட்டியெடுப்பதில் பலன் இல்லை.

பிறகு பெரும்பாலும் கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை, 14 நாள் போட்டு 7 நாள் இடைவெளி, 8 சுற்று. உள்ளங்கை, பாதம் சிவந்து எரிந்தாலோ வயிற்றுப்போக்கு நிற்காவிட்டாலோ அடுத்த டோஸுக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள்.